இதய ஆபரேஷனுக்குப் பிறகு சும்மா படுத்திருக்கும்போது படபடப்பு: காத்திருப்பதா, பதிவு செய்வதா, உடனே ஓடுவதா?

அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து நான்காவது வாரம். பகல் முழுக்க நன்றாக இருந்தார். கூடத்தில் நடந்தார், மூச்சுப் பயிற்சிக் கருவியின் மூன்று பந்துகளையும் மேலே ஏற்றிக் காட்டினார். இரவு விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் கூப்பிட்டார். "நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரி இருக்கும்மா. நடக்கும்போது ஒண்ணும் தெரியல. படுத்தா உடனே வருது."

ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். விடியும்வரை பொறுத்துப் பார்க்கலாம். ஆபரேஷன் செய்த பிரிவுக்கு போன் போட்டுக் கேட்கலாம். இந்த மூன்றில் எது சரி என்று எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் தையலைப் பற்றி இருந்தது, மாத்திரை வேளைகள் இருந்தன, எவ்வளவு எடை தூக்கலாம் என்றுகூட இருந்தது. படபடப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாடி விரலுக்குத் தட்டுப்பட்டது, ஆனால் அதில் எதைக் கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, அன்றிரவு என் நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். உங்கள் இதயத்தைத் திறந்து பார்த்தவர் இதற்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

முதலில், எந்தப் படபடப்பு?

படபடப்பு என்ற ஒரே சொல்லைத்தான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அதற்குள் நாலைந்து வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்காமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது. எளிய வழி ஒன்று உண்டு: நெஞ்சில் எப்படி அடிக்கிறதோ அதேபோல் மேசையில் விரலால் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். வார்த்தையில் வராதது விரலில் வந்துவிடும்.

சீராக, ஆனால் வேகமாகத் தட்டினால், பெரும்பாலும் இதயம் தன் வழக்கமான தாளத்திலேயே வேகமாக ஓடுகிறது. வலி, காய்ச்சல், ரத்தசோகை, உடலில் நீர் குறைவது ஆகியவை அதை விரட்டும். ஆபரேஷனில் ரத்தம் போயிருக்கும், உடல் ஆறிக்கொண்டிருக்கும். ஆகவே முதல் சில வாரங்கள் ஓய்விலேயே 90, 100 என்று ஓடுவது அபூர்வமல்ல.

டக், டக், டக், ஒரு நிறுத்தம், பிறகு ஓங்கி ஒரு 'தொம்': இப்படித் தட்டினால் அது முந்திக்கொண்டு வரும் துடிப்பு. மருத்துவர்கள் எக்டோபிக் என்பார்கள். நாம் உணர்வது பெரும்பாலும் அந்த முந்திய துடிப்பை அல்ல. அதற்குப் பின் வரும் இடைவெளியில் இதயம் வழக்கத்தைவிட அதிகமாக நிரம்பி, அடுத்த துடிப்பில் பலமாகத் தள்ளுகிறதே, அதைத்தான்.

தாளமே இல்லாமல், அடுத்தது எப்போது வரும் என்று ஊகிக்கவே முடியாதபடி தட்டினால், அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு வெறுமனே அதிர்ந்துகொண்டிருக்கும் நிலை. சுவிட்ச் போட்டதுபோல் திடீரென்று தொடங்கி, சீராக 150 அளவில் நின்றுகொண்டிருந்தால் ஏட்ரியல் ஃப்ளட்டர் என்ற அதன் உறவுக்காரத் தாளத்தைச் சந்தேகிப்பார்கள்.

உலோகத்தாலும் கார்பனாலும் ஆன செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமைதியான அறையில் கேட்கும் அந்தக் 'கிளிக்' சத்தம் வால்வு மூடும் சத்தம். அது படபடப்பு அல்ல. சொல்லப்போனால் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்பது நல்லது. அது மங்கினால்தான் உடனே சொல்ல வேண்டும். இதய மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களின் கணக்கும் வேறு. புது இதயத்தின் நரம்புத் தொடர்பு துண்டிக்கப்பட்டிருப்பதால் ஓய்விலேயே 90 முதல் 110 வரை அடிப்பது அவர்களுக்கு இயல்பு.

ஏன் சும்மா இருக்கும்போது? இந்தக் கேள்விதான் அப்பாவை அதிகம் பயமுறுத்தியது. "நடக்கும்போது வந்தா சரி, படுத்திருக்கும்போது ஏன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நடக்கும்போது இதயத்தின் சொந்தத் தாளம் வேகமெடுப்பதால், முந்திக்கொண்டு வரும் துடிப்புகளுக்கு நுழைய இடைவெளி கிடைப்பதில்லை. படுத்ததும் தாளம் மெதுவாகிறது, இடைவெளி நீள்கிறது, அவை எட்டிப் பார்க்கின்றன. இடது பக்கமாகச் சாய்ந்தால் இதயத்தின் நுனி நெஞ்சுச் சுவரை நெருங்கி வந்து ஒவ்வொரு துடிப்பும் பெரிதாகத் தெரியும். போதாக்குறைக்கு வீடு அமைதி, கவனம் முழுக்க உள்ளே. ஓய்வில் வந்து நடந்தால் மறையும் எக்டோபிக் பெரும்பாலும் சாதுவானது. நடந்தால் அதிகமாகும் படபடப்புதான் மருத்துவரை அதிகம் யோசிக்க வைக்கும். ஆபரேஷன் ஆன இதயத்தில் இதை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு எடுக்கக் கூடாது. ஆனாலும் அந்த இரவின் பயத்தைப் பாதியாகக் குறைக்க இந்தத் தகவல் ஒன்றே போதும்.

ஓடுவதா, போன் போடுவதா, பொறுப்பதா?

உடனே போக வேண்டிய நிலைமைகளில் ஒப்பீட்டுக்கு இடமில்லை. படபடப்போடு நெஞ்சை அழுத்தும் வலி, மயக்கம் அல்லது கண் இருட்டுவது, படுக்க முடியாத மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கையோ காலோ தளர்வது: இதில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸ்தான். நோயாளியே வண்டியை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. அசையாமல் உட்கார்ந்து பத்து, பதினைந்து நிமிடம் ஆகியும் நாடி 120-க்குக் கீழே இறங்காவிட்டாலும், 40-க்குக் கீழே போய்த் தலை சுற்றினாலும் அப்படியே.

இன்னொன்றைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது மெதுவாக வந்து ஏமாற்றும். இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் திரவம் சேர்ந்து இதயத்தை நெருக்குவது ஆபரேஷன் அன்றோ மறுநாளோ மட்டும் நடப்பதில்லை, ஓரிரு வாரங்கள் கழித்தும் நடக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். நேற்றைவிட இன்று சோர்வு, ரத்த அழுத்தம் இறங்குகிறது, நாடி ஏறுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால், வலி இல்லாவிட்டாலும் அன்றே போய் எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் ஸ்கேன்) எடுக்க வேண்டும்.

மேலே சொன்ன எதுவும் இல்லை, ஆனால் படபடப்பு புதிது. இங்கேதான் குடும்பத்துக்குள் வாக்குவாதம் வரும். ஒருவர் "இப்பவே போகலாம்" என்பார், இன்னொருவர் "தூங்கினா சரியாயிடும்" என்பார். என் தீர்மானமான கருத்து: ஆபரேஷன் ஆன முதல் மூன்று மாதங்களில், யாரிடமும் சொல்லாமல் பொறுத்துப் பார்ப்பது ஒரு வழியே அல்ல. அதன் இடத்தில் இருப்பது போன். பெரும்பாலான இதய அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் இந்த மாதிரி அழைப்புகளுக்குப் பழகிய செவிலியரோ பணி மருத்துவரோ இருப்பார்கள். அவசரப் பிரிவுக்குப் போனால் தேவையில்லாத ஓர் இரவு வீணாகலாம். வீட்டில் சும்மா இருந்தால் தேவையான ஓர் இரவு வீணாகலாம். போனில் போவது ஐந்து நிமிடம்.

அன்றிரவு நாங்கள் போன்தான் போட்டோம். எடுத்த செவிலியர், "ஒரு நிமிஷம் முழுசா நாடியை எண்ணுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றார். எண்ணினேன். 84. நடுநடுவே தட்டாமல் விட்டது. "சீரா அடிச்சு நடுவுல விடுதா, இல்ல மொத்தமாவே தாறுமாறா இருக்கா?" அடுத்து, "தலை சுத்துதா? மூச்சு? காய்ச்சல்? ராத்திரி மாத்திரை போட்டாச்சா? தண்ணி மாத்திரை இன்னும் போடுறாரா?" இவ்வளவுதான் கேட்டார். காலையில் முதல் வேலையாக வந்து ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார், எந்த அறிகுறி வந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது என்றும் சொன்னார். அந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதிலோடு போன் செய்தால் இன்னும் வேகமாக முடியும்.

நான்காவதாக ஒரு வழியைப் பலர் தாங்களாகவே தேர்ந்தெடுக்கிறார்கள்: மாத்திரையைக் கூட்டுவது அல்லது நிறுத்துவது. இதை மட்டும் செய்யாதீர்கள். பீட்டா பிளாக்கர் மாத்திரை நாடியைக் குறைத்துச் சோர்வாக்குகிறது என்று ஒரே நாளில் நிறுத்தினால், அதுவரை அடக்கி வைத்திருந்த வேகம் முன்பைவிடப் பலமாகத் திரும்பலாம். படபடப்புக்கு அதுவே காரணமாகிவிடலாம். தாளத்தைத் திருத்தக் கொடுக்கும் அமியோடரோன் உடலில் வாரக்கணக்கில் தேங்கி நிற்கும் மருந்து. "ஒண்ணு கூடப் போட்டா என்ன" என்பது அதற்குப் பொருந்தாது. சில வேளை மாத்திரை விட்டுப் போயிருந்தால் இரட்டிப்பாகப் போட்டு ஈடு செய்யாமல், போனில் உள்ளபடி சொல்லிவிடுவது நல்லது.

எதை வைத்துப் பிடிப்பது?

படபடப்பு விருந்தாளி மாதிரி. மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் காணாமல் போய்விடும். சாதாரண ஈ.சி.ஜி. பதிவு செய்வது சுமார் 10 விநாடி. ஒரு நாளில் அப்படி 8,640 பத்து விநாடிகள் இருக்கின்றன. உங்கள் படபடப்பு மீதி 8,639-இல் எங்கோ இருந்தால், ஈ.சி.ஜி. நார்மல் என்ற வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று யோசியுங்கள். ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது எது நவீனமானது என்று பார்க்காமல், படபடப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று பாருங்கள்.

விரல்தான் முதல் கருவி, நான் இன்றும் அதிகம் நம்புவது. கட்டைவிரலின் வேர்ப் பக்கம், மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு விரல்களை வைத்து முழுதாக 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது சீரான நாடிக்குச் சரி, தாளம் தவறும் நாடிக்குத் தப்பு. வேகம், ஒழுங்கு இரண்டும் விரலில் தெரிந்துவிடும். எங்கிருந்து கிளம்புகிறது என்பது தெரியாது. இன்னொரு குறை: முந்திக்கொண்டு வரும் துடிப்பு பலவீனமாக இருப்பதால் சில நேரம் மணிக்கட்டுவரை எட்டாது. ஒவ்வொரு நல்ல துடிப்புக்கும் ஒரு முந்திய துடிப்பு என்று மாறி மாறி வந்தால், இதயம் 80 அடிக்கும்போது விரலுக்கு 40-தான் கிடைக்கும். விரல் நுனியில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் அதே 40-ஐக் காட்டி வீட்டையே கலங்க வைக்கும். இப்படிக் குறைவாகத் தெரிந்து, ஆள் தெளிவாக இருந்தால், பதறாமல் சொல்லிவிட்டு ஈ.சி.ஜி.க்குப் போகலாம்.

பி.பி. மெஷின்களில் பல, நாடி ஒழுங்கற்றிருந்தால் ஒரு குறியைக் காட்டும். அந்தக் குறி ஒருமுறை வந்தால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், திரும்பத் திரும்ப வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கும்போது ஒவ்வொரு துடிப்பின் பலமும் வேறுபடுவதால் பி.பி. எண்ணும் தாவித் தாவி வரும். மூன்று முறை எடுத்துச் சராசரியைப் பார்ப்பதுதான் முறை.

ஸ்மார்ட்வாட்சைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன, இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பின்புறத்தில் மினுங்கும் ஒளி, தோலுக்கடியில் ரத்தம் ஓடுவதைப் பார்த்து நாடியை ஊகிக்கிறது. சில மாடல்களில் மட்டும், மறு கையின் விரலை வைத்தால் 30 விநாடிக்கு ஒற்றைத் தடத்தில் உண்மையான ஈ.சி.ஜி. எடுக்கிறது. ஒளி வழியாக நாடியைப் பார்க்கும் முறையைச் சோதித்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2019-இல் வெளியானது. ஆப்பிள் வாட்ச் அணிந்த சுமார் 4 லட்சத்து 19 ஆயிரம் பேரில் 0.52 சதவீதம் பேருக்கே எச்சரிக்கை வந்தது. அவர்களில், நெஞ்சில் ஒட்டி ஈ.சி.ஜி. பதியும் பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உறுதியானது. அது ஏற்கெனவே இந்தக் கோளாறு தெரியவராத பொதுமக்களிடம் செய்த ஆய்வு. நேற்று நெஞ்சு திறந்தவர்களிடம் செய்தது அல்ல. வாட்ச் எச்சரிக்கவில்லை என்பதால் நிம்மதி அடையவும் முடியாது, எச்சரித்தது என்பதால் நோய் உறுதி என்றும் சொல்ல முடியாது. நாடி மிக வேகமாக இருந்தால் முடிவு சொல்ல இயலவில்லை என்றே பல கருவிகள் காட்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அதன் கணிப்பு நம்பத்தக்கதல்ல.

அப்படியானால் வாட்ச் வேண்டாமா? ஏற்கெனவே இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள், ஆனால் ஒரே ஒரு வேலைக்கு: படபடப்பு வரும் அந்த நொடியில் 30 விநாடிப் பதிவு எடுத்து வைப்பதற்கு. அது சொல்லும் தீர்ப்பை விட்டுவிட்டு அந்தக் கோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் முப்பது முறை நாடியைப் பார்த்துக்கொண்டிருப்பவரை அந்த வாட்ச் குணப்படுத்தாது, தூக்கத்தைத்தான் கெடுக்கும். பயம் நாடியை ஏற்றும், ஏறிய நாடி பயத்தைக் கூட்டும். அப்பாவுக்கு வாங்கித்தர என் தம்பி விரும்பினான். நான் வேண்டாம் என்றேன், அதில் எனக்கு வருத்தமில்லை.

மருத்துவமனையில் நெஞ்சிலும் கைகால்களிலும் ஒட்டி எடுக்கும் பன்னிரண்டு தட ஈ.சி.ஜி.தான் தீர்ப்புச் சொல்லும் கருவி. படபடப்பு இந்த நிமிடம் நடந்துகொண்டிருக்கிறது, ஆள் தெளிவாக இருக்கிறார் என்றால், அருகிலுள்ள எந்த மருத்துவமனையிலாவது போய் ஈ.சி.ஜி. எடுப்பதற்கு நிகரான வழி வேறில்லை. அந்தப் பத்து விநாடி அப்போது முழு விடையையும் தந்துவிடும். தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது எடுத்த ஈ.சி.ஜி.யின் நகலையும் கையோடு கொண்டுபோங்கள். ஆபரேஷன் ஆன இதயத்தின் கோடுகள் பொதுவாகவே சற்று மாறியிருக்கும். புது மருத்துவருக்கு எது பழையது, எது புதியது என்று தெரிய அந்தப் பழைய தாள் வேண்டும்.

நாள்தோறும் வருகிறது, ஆனால் கையில் சிக்கவில்லை என்றால் ஹோல்டர். 24 அல்லது 48 மணி நேரம் இடுப்பில் மாட்டிக்கொண்டு விடாமல் ஈ.சி.ஜி. பதியும் சிறு பெட்டி. நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்கர் 1940-களின் இறுதியில் இதன் முதல் வடிவத்தை முதுகில் சுமந்தபோது அதன் எடை சுமார் 38 கிலோ. இன்று பையில் போட்டுக்கொண்டு தூங்கலாம். ஹோல்டரில் பெட்டியைவிட முக்கியமானது அதோடு தரும் நாட்குறிப்பும் பொத்தானும். படபடப்பு வந்ததும் பொத்தானை அழுத்தி, மணியை எழுத வேண்டும். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஹோல்டரில் 'ஒன்றுமில்லை' என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. அந்த 24 மணி நேரத்தில் உங்களுக்குப் படபடப்பு வந்து, அதே மணியில் கோடு இயல்பாக இருந்தால், அது உண்மையான பதில்: தாளத்தில் கோளாறு இல்லை. படபடப்பே வராத நாளில் கோடு இயல்பாக இருந்தால், அது பதிலே இல்லை. பொத்தானை அழுத்தாதவருக்கு இந்த இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

வாரத்துக்கு ஓரிரு முறைதான் என்றால் ஹோல்டரில் நேரத்தைப் போக்காமல், நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் பட்டையைக் கேளுங்கள். 7 முதல் 14 நாள் விடாமல் பதியும். தையல் ஆறாத நிலையில் எங்கே ஒட்டுவது என்பதை மருத்துவக் குழுவே முடிவு செய்யட்டும். மாதத்தில் ஒருமுறை என்றால் 30 நாள்வரை வைத்திருக்கும் நிகழ்வுப் பதிவுக் கருவி. தோலுக்கடியில் பொருத்தும் லூப் ரெக்கார்டர் மூன்று ஆண்டுக்கும் மேல் பதியும். அது காரணம் தெரியாத மயக்கத்துக்கும் பக்கவாதத்துக்கும் உரியது, ஆபரேஷன் ஆன சில வாரப் படபடப்புக்கு அநேகமாகத் தேவைப்படாது.

ஆனால் இந்தக் கருவிகளின் பட்டியலில் மயங்கி ஒன்றை மறந்துவிடக் கூடாது. முதல் இரண்டு மாதங்களில் ரத்தப் பரிசோதனையும் எக்கோவும் பல நேரம் பதிவுக் கருவிக்கு முன்னால் விடையைச் சொல்லிவிடும். பொட்டாசியம், மெக்னீசியம், ஹீமோகுளோபின், தைராய்டு, சிறுநீரகம் என்று ஒரே ஊசிக் குத்தலில் எல்லாம் தெரியும். வீக்கம் குறையக் கொடுக்கும் நீர் மாத்திரை பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சேர்த்தே வெளியேற்றும். அவை குறைந்தால் இதயத் தசை சீண்டினாலே துடிக்கும். அமியோடரோனில் அயோடின் உண்டு, அது தைராய்டை எந்தப் பக்கமும் சாய்க்கும். எக்கோ, இதயத்தைச் சுற்றித் திரவம் இருக்கிறதா, வால்வு சரியாக உட்கார்ந்திருக்கிறதா, தள்ளும் பலம் எவ்வளவு என்பதைக் காட்டும். மருத்துவர் நேராகப் பதிவுக் கருவிக்குப் போனால், "ரத்தத்துல உப்புச் சத்தெல்லாம் பார்த்துட்டீங்களா டாக்டர்?" என்று கேட்பதில் தவறில்லை.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று வந்துவிட்டால்

இதய ஆபரேஷனுக்குப் பிறகு இது வருவது மிகவும் பொதுவானது. பைபாஸ் செய்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கும், வால்வு ஆபரேஷனில் அதைவிட அதிகம் பேருக்கும் வருகிறது. பெரும்பாலும் இரண்டாவது முதல் நான்காவது நாளுக்குள், அதாவது மருத்துவமனையில் இருக்கும்போதே. வீட்டுக்கு வந்த பிறகு முதன்முதலாக வருபவர்களும் உண்டு. தையல் போட்ட மேலறை, உறைக்குள் தேங்கிய கொஞ்சம் ரத்தம், அதனால் வரும் அழற்சி, உடல் முழுக்கப் பாயும் அட்ரினலின் எல்லாம் சேர்ந்த விளைவு. அதனால்தான் காயம் ஆற ஆறப் பெரும்பாலோருக்கு ஆறெட்டு வாரத்தில் தானாக அடங்குகிறது.

இங்கே மருத்துவர் இரண்டு வழிகளைச் சொல்வார். தாளம் எப்படியோ இருக்கட்டும், வேகத்தை மட்டும் பீட்டா பிளாக்கர் மாதிரி மருந்தால் கட்டுப்படுத்துவோம் என்பது ஒன்று. அமியோடரோனாலோ, சிறு மயக்கத்தில் கொடுக்கும் மின் அதிர்ச்சியாலோ தாளத்தையே திருத்துவோம் என்பது இன்னொன்று. குடும்பத்தினருக்கு இரண்டாவதுதான் 'முழு வைத்தியம்' போலத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. ஆபரேஷனுக்குப் பின் இந்தக் கோளாறு வந்த 523 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். 60 நாளில் மருத்துவமனையில் கழித்த நாட்களில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை, இரண்டிலும் சுமார் ஐந்து நாள். 60-வது நாளில், முந்தைய 30 நாளும் கோளாறு இல்லாமல் இருந்தவர்கள் வேகப் பிரிவில் 93.8 சதவீதம், தாளப் பிரிவில் 97.9 சதவீதம். இரண்டிலும் சுமார் கால்வாசிப் பேர் இடையில் வழி மாறினார்கள். வேகப் பிரிவினர் மருந்து போதாததால், தாளப் பிரிவினர் பக்க விளைவால்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது: ஆள் தெம்பாக இருந்து, நாடி மருந்துக்கு அடங்கினால், வேகக் கட்டுப்பாட்டோடு தொடங்குவது குறைந்த வைத்தியம் ஆகாது. மூச்சு வாங்குகிறது, பி.பி. இறங்குகிறது, தள்ளும் பலம் குறைவு, மருந்துக்கு வேகம் கேட்கவில்லை என்றால் தாளத்தைத் திருத்தும் வழிக்கே எடை அதிகம். அமியோடரோன் தொடங்கினால், எத்தனை வாரம் என்று அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சில வாரத்துக்கென்று எழுதிய மருந்து, யாரும் நிறுத்தச் சொல்லாததால் ஆண்டுக்கணக்கில் ஓடுவது நடக்கிறது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தனிக் கேள்வி. அதிரும் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்தால், அந்தத் துணுக்கு மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். மறுபக்கம், புதிதாக வெட்டித் தைத்த இடம், ரத்தக் கசிவுக்கு அஞ்ச வேண்டும். கோளாறு 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் பொதுவாக இந்த மருந்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் பலவீனமா, முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் கூட்டிப் பார்த்து முடிவெடுப்பார்கள். தொடங்கினால் சுமார் 60 நாள் கொடுத்துவிட்டு, தொடர வேண்டுமா என்று மறுபடி பார்ப்பது வழக்கம். உலோக வகைச் செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு இந்தத் தேர்வே இல்லை. தாளம் எப்படி இருந்தாலும் வார்ஃபரின் ஆயுளுக்கும் வேண்டும், புதிய வகை மாத்திரைகள் அதற்கு மாற்றாகாது. வார்ஃபரினோடு அமியோடரோன் சேர்ந்தால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) ஏறும். அந்த வாரங்களில் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும் என்பதை யாராவது சொல்ல மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள்.

ஆபரேஷன் ஆகி மாதங்கள், ஆண்டுகள் கழித்து முதன்முறையாகப் படபடப்பு வந்தால் கணக்கு வேறு. அப்போது அது ஆறும் காயத்தின் கோபமாக இருக்காது. மேலறையில் தையல் போட்ட தழும்பைச் சுற்றிச் சுற்றி மின்னோட்டம் ஓடும் ஃப்ளட்டராக இருக்கலாம். அது தானாகப் போகும் என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். தழும்பைக் கண்டறிந்து சுடும் அப்லேஷன் முறைக்கு இந்த வகை நன்றாகக் கட்டுப்படும் என்பதால், மின் இதயவியல் மருத்துவரை நேராகப் பார்ப்பது நல்லது.

எக்டோபிக் என்றால்

அப்பாவுக்கு வந்தது இதுதான். மறுநாள் காலை ஈ.சி.ஜி.யில் இரண்டு முந்திய துடிப்புகள் சிக்கின. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. நீர் மாத்திரையின் அளவைக் குறைத்து, பொட்டாசியத்தை ஈடு செய்தார்கள். எக்கோவில் திரவம் இல்லை, தள்ளும் பலம் நன்றாக இருந்தது. அடுத்த வாரம் ஒரு ஹோல்டர்.

இங்கே எதுவும் செய்யாமல் விடுவது ஒரு மருத்துவ முடிவு, அலட்சியம் அல்ல. இதயம் ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதில் சில நூறு முந்திக்கொண்டு வந்தாலும், தள்ளும் பலம் சரியாக இருந்தால், மருந்து கொடுத்து அடக்குவதில் லாபம் குறைவு. தொந்தரவு தாங்கவில்லை என்றால் பீட்டா பிளாக்கரின் அளவைச் சற்று மாற்றுவார்கள். கீழறையிலிருந்து வரும் எக்டோபிக் மொத்தத் துடிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது நாளுக்குப் பத்தாயிரம் என்ற அளவில் இருந்தால், தள்ளும் பலம் குறைகிறதா என்று எக்கோவில் கண்காணிப்பார்கள், அப்லேஷனைப் பற்றியும் பேசுவார்கள். வரிசையாக மூன்று நான்கு என்று ஓடுவது தெரிந்தாலோ, பைபாஸுக்கு முன்பே மாரடைப்பால் தசை சேதமாகியிருந்தாலோ, எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் விட மாட்டார்கள்.

ஹோல்டர் மாட்டிய இரவில் அப்பா பதினொரு முறை பொத்தானை அழுத்தினார். அதில் ஒன்பது முறை கோட்டில் ஒற்றை எக்டோபிக் இருந்தது, இரண்டு முறை வெறும் சீரான துடிப்பு. மருத்துவர் அந்தக் காகிதத்தை அவர் பக்கம் திருப்பி, ஒவ்வொரு மணிக்கு எதிராகவும் பேனாவால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "நீங்க சொன்னது நிஜம்தான் ஐயா. வந்திருக்கு. இது உங்களை ஒண்ணும் செய்யாது." அப்பா அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். டிஸ்சார்ஜ் தாளோடு சேர்த்துப் பின் செய்து, போன் வைக்கும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறோம். மேலே அறுவை சிகிச்சைப் பிரிவின் எண்ணும், அந்தச் செவிலியர் கேட்ட கேள்விகளும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கின்றன.